வீட்டுக்குள் ஒரு கேமரன் மலை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிச் சுற்றுலாவுக்கோ, மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் உறவுக்காரரைப் பார்க்கவோ ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். வளைவுக்கு வளைவு பேருந்து சாயும், பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். தாய்மார்கள் புளிப்பு மிட்டாயையும் பிளாஸ்டிக் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, ரிங்லெட் எப்போது வரும் என்று வழி பார்த்துக்கொண்டே போவார்கள். 59ஆம் எண் கூட்டரசுச் சாலை அது. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்குச் சுமார் 45 கிலோமீட்டர், தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60.

அந்தச் சாலையில் நான் சைக்கிளில் ஏறினேன். நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. இதைச் சொன்னால் என் பள்ளிப் பிள்ளைகளே இன்னும் நம்பமாட்டேன் என்கிறார்கள். எப்படி ஏறினேன், அதற்காக வீட்டுக்குள்ளேயே ஒரு மலையை எப்படித் தேடி வாங்கினேன், அதில் எங்கே ஏமாந்தேன் என்பதையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் 1885இல் அந்த மலைப்பகுதியைக் கண்டார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதன்பின் காட்டை வெட்டிக் கன்று நட்டதும் கொழுந்து எடுத்ததும் பெரும்பாலும் நம்மவர்கள். என் தாத்தா அங்கே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் வேலை செய்தார். என் அம்மா அந்த லயத்தில் பிறந்தவர். கல்யாணம் ஆனதும் கீழே எங்கள் அப்பாவின் கித்தாத் தோட்டத்துக்கு வந்தார். அதன்பின் மேலே போனது இரண்டே தடவை, இரண்டும் சாவு வீட்டுக்கு. கடைசிக் காலத்தில் இனிப்பு நீர் முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். "மேல ஒரு தடவ போய்ட்டு வந்துடணும்டி" என்று சொல்லிக்கொண்டே 2017இல் கண்ணை மூடினார்.

ஐந்து வருடம் கழித்து, 2022இல், அரசாங்கக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் என் இரத்தத்தைப் பார்த்தார்கள். 8.4 என்று வந்தது. 7க்கு மேல் போனாலே இனிப்பு நீர் என்பது உங்களில் பல பேருக்கு மனப்பாடமாக இருக்கும். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கும்படி தினமும் நடக்கவோ மிதிக்கவோ வேண்டும் என்றார். மகனின் பழைய கியர் சைக்கிள் வீட்டில் சும்மா கிடந்தது. அதை எடுத்தேன். அம்மாவின் மலைக்கு அதிலேயே போகலாமே என்ற நினைப்பும் அன்றே வந்துவிட்டது.

எங்கள் தோட்டம் கீழ்ப்பேராக்கில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை, தரை தாம்பாளம் மாதிரி. அந்தத் தரையில் மூன்று மாதம் மிதித்துவிட்டு, ஒரு பள்ளி விடுமுறையில் தாப்பாவிலிருந்து ஏறப் போனேன். வீட்டுக்காரர் பின்னால் காரில் வந்தார். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி வந்தபோது என் தொடை இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. இன்னும் பாதி வழிகூட ஆகவில்லை. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அவர் ஒரு வார்த்தையும் கேலியாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தரையில் மிதித்த கால் மலையில் ஏன் தோற்கிறது? கணக்குப் போட்டால் புரிந்துவிடும். நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகச் சுமார் 70 வாட் சக்தி போதும். நூறு மீட்டர் தூரத்துக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையை 5 விழுக்காடு ஏற்றம் என்பார்கள். அதில் மணிக்கு வெறும் 8 கிலோமீட்டர் ஊர்ந்து போகவே 100 வாட் வேண்டும், ஒரு பழைய குண்டு பல்பு எரிகிற அளவு. ஏற்றம் 10 விழுக்காடானால் அதே வேகத்துக்கு 180 வாட்டுக்கு மேல் போகும். இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. தரையில் பத்து மிதி மிதித்துவிட்டுச் சற்று சும்மா உருளலாம். மலையில் மிதியை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். மூன்று நான்கு மணி நேரம் ஓய்வே இல்லாமல் சுமை தூக்கும் பழக்கம் செம்பனைக் காட்டுச் சாலையில் எப்படி வரும்? வேலை முடிந்து, சமையல் முடித்து, இருட்டில் லோரிக்கும் நாய்க்கும் பயந்து ஒரு பெண் வெளியே எவ்வளவு நேரம்தான் மிதிக்க முடியும்?

டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனத் தௌக்கேதான் வழி சொன்னார். "சிக்கு, மலை இல்லேன்னா மலைய வாங்கிக்கலாம்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அதற்கு ஸ்மார்ட் டிரெய்னர் என்று பெயர். சைக்கிளை நின்ற இடத்தில் பூட்டி மிதிக்கும் இயந்திரம். அதற்குள் ஒரு கனமான சுழல்சக்கரமும் மின்காந்தத் தடையும் இருக்கின்றன. கைப்பேசியிலோ கணினியிலோ ஒரு சாலையைப் போட்டுவிட்டால், அந்தச் சாலை எங்கே எத்தனை விழுக்காடு ஏறுகிறது என்ற செய்தி கம்பியில்லாமல் இயந்திரத்துக்குப் போகும். நம் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு அது காந்தத்தை இறுக்கும். மிதி கனக்கும். இறக்கம் வந்தால் இளகும்.

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் பின்சக்கரம் அப்படியே இருக்கும், அதன் டயர் ஒரு சிறிய உருளையின்மேல் அழுந்தி ஓடும். இதை வீல் ஆன் என்பார்கள். விலை குறைவு. இன்னொன்றில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராக இயந்திரத்தின் பல்சக்கரத்தில் மாட்டவேண்டும். அது டைரக்ட் டிரைவ், விலை அதிகம்.

சிக்கனம் பார்த்து நான் முதலில் வாங்கியது யாரோ கைமாற்றிய வீல் ஆன். கம்பெனிப் பெயர் வேண்டாம். சமதரைக்குக் குறைசொல்ல முடியாது. ஏற்றம் 5 விழுக்காட்டைத் தாண்டியதும் திரையில் மலை ஏறிக்கொண்டே போனது, என் காலுக்கோ தரையாகவே இருந்தது. அழுத்தி மிதித்தால் டயர் உருளையில் வழுக்கி வீடெங்கும் கருகல் வாடை. கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாடை ஒன்றும் புதிதல்ல, ஆனால் நடு வீட்டிலா?

ஏன் அப்படி ஆனது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், காசு மிச்சமாகும். காந்தத் தடை நன்றாகப் பிடிக்க அதனுள்ளே இருக்கும் சக்கரம் வேகமாகச் சுழலவேண்டும். மலை ஏறும்போது நாம் போவதோ ஆமை வேகம். டயரும் மெதுவாக உருளும், உருளையும் மெதுவாகச் சுழலும், காந்தத்துக்குப் பிடி கிடைக்காது. ஆக, வேகமாக மிதிக்கும் பந்தய வீரருக்குச் சரியாக இருக்கும் இயந்திரம், என்னைப்போல் ஊர்ந்து ஏறும் குடும்பப் பெண்ணுக்குத்தான் கைவிரிக்கும். டைரக்ட் டிரைவில் வாரோ வேறு அமைப்போ சுழல்சக்கரத்தை நன்றாகச் சுழற்றிவிடுவதால், மெதுவாக ஏறினாலும் பெரும்பாலும் கனம் குறையாது. வழுக்க டயரும் இல்லை. "மணிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை விழுக்காடு பிடிக்கும்?" என்று கடையில் கேளுங்கள். பதில் தெரியாத கடைக்காரராக இருந்தால் உங்கள் சைக்கிளையே அதில் மாட்டி ஏறிப் பார்க்கக் கேளுங்கள்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு விழுக்காடு போட்டிருப்பார்கள். டாக்ஸ் ஃப்ளோ என்ற வீல் ஆனுக்கு 6, வாஹூ கிக்கர் ஸ்னாப்புக்கு 12. டைரக்ட் டிரைவில் கிக்கர் கோர் என்றால் 16, பெரிய கிக்கர் 20, டாக்ஸ் நியோ 2டி 25. எண் ஏற ஏற விலையும் ஏறும். உங்களுக்கு எது வேண்டும் என்பது நீங்கள் ஏறப்போகும் மலையைப் பொறுத்தது. தாப்பாச் சாலை பெரும்பாலும் 3, 4 விழுக்காட்டில் நீண்டு நீண்டு போகும், வளைவுகளில் கூடும். கெந்திங் மலையின் கடைசிப் பகுதி அப்படியல்ல, 10ஐத் தாண்டிவிடும். 1996இல் தொடங்கிய தூர் டி லங்காவி பந்தயத்தில் பெரிய வீரர்களையே அந்த மலை அழவைத்திருக்கிறது. 25 விழுக்காட்டு இயந்திரத்தை வாங்கி நானும் நீங்களும் செய்யப்போவது ஒன்றுமில்லை. அந்த ஏற்றத்தில் நாம் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவோம். 2,200 வாட் வரை தாங்கும் என்றும் எழுதியிருப்பார்கள். 100 வாட்டில் ஏறும் எனக்கு அது எதற்கு?

நான் 16 விழுக்காடு எழுதியிருந்த ஒன்றை எடுத்தேன். ஆசிரியர் கூட்டுறவுச் சங்கக் கடன், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல டைரக்ட் டிரைவ் என்றால் விலை ஆயிரக்கணக்கில் போகும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 வெள்ளி ஆக்கினார்கள். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவரை இதை வாங்கு என்று நான் சொன்னால் அது அநியாயம். காந்தத்தைக் கையால் முறுக்கும் சாதாரண டிரெய்னர் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும். மலையின் படம் தெரியாது, விழுக்காடு தெரியாது, ஆனால் ஓய்வில்லாமல் ஒரு மணி நேரம் கனமாக மிதிக்கும் பழக்கத்தை அதுவும் கொடுக்கும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு நல்ல இயந்திரத்தை வாங்கித் தோட்டத்து மண்டபத்தில் போட்டால் என்ன என்றும் எனக்கு ஒரு யோசனை உண்டு. கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கிச் செலவைவிடக் கூடுதலாக ஆகிவிடாது என்று சொன்னேன். கமிட்டியில் இரண்டு பேருக்கு என்மேல் இன்னும் கோபம்.

வாங்கு முன் வீட்டையும் பாருங்கள். லயத்து வீடானால் பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். வீல் ஆன் போடும் இரைச்சலுக்குச் சண்டை வந்துவிடும். டைரக்ட் டிரைவ் அவ்வளவு சத்தம் போடாது, ஆனாலும் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும். உங்கள் சைக்கிளின் பின் அச்சு எந்த மாதிரி, பின்னால் எத்தனைப் பல்சக்கரம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சில பெட்டிகளில் பல்சக்கரம் இருக்காது, தனியாக வாங்கவேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் தோட்டமா? பல இயந்திரங்கள் அப்போது வெறுமனே சுழலும். நியோ செருகாமலே தடை கொடுக்கும், அந்த வசதிக்கு விலை வைத்துவிட்டார்கள். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடமானால், சாலையைச் சேமித்து வைத்து இயந்திரத்தை இயக்கக்கூடிய சிறிய சைக்கிள் கணினிகள் இருக்கின்றன. இணையம் இல்லாமலே மலை ஏறலாம்.

காற்றாடியை மறந்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர்கள் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் மிதிக்கிறார்கள். நமக்கோ வீட்டுக்குள்தான் வேர்வை. நகராத சைக்கிளுக்கு எதிர்காற்று வராது. முதல் நாள் இருபது நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றியது. இரண்டு நின்றாடும் காற்றாடி, கைப்பிடியில் ஒரு துண்டு, ஒரு போத்தல் தண்ணீர், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கையெட்டும் இடத்தில் இனிப்பு. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

திரையில் மலை காட்டச் செயலிகள் பல உண்டு. ஸ்விஃப்ட் என்ற செயலியில் பிரான்சு நாட்டு ஆல்ப் துவேஸ் மலையை அச்செடுத்த மாதிரி ஒரு மலை இருக்கிறது. 12 கிலோமீட்டரில் 1,036 மீட்டர் ஏற்றம், 21 வளைவுகள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏற்றத்தின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓர் அளவுகோலை அவர்கள் பாதியில் வைத்துக் கொடுக்கிறார்கள். திரையில் 8 விழுக்காடு என்றால் காலுக்கு 4 மாதிரிதான் தெரியும். உச்சிக்குப் போகும் நேரம் மாறாது, ஆனால் எந்தக் கியரில் எப்படி ஊர்வது என்ற பாடம் வராது. அதை முழுதாக ஏற்றிவைத்த அன்றுதான் என் சைக்கிளின் சிறிய கியர் எனக்குப் போதாது என்று தெரிந்தது. தௌக்கேயிடம் போய்ப் பின்னால் பெரிய பல்சக்கரம் மாற்றினேன். சாலையில் தெரிந்திருந்தால் மறுபடியும் லாத்தா இஸ்கண்டாரிலிருந்து திரும்பியிருப்பேன்.

என் மகள் கைப்பேசி வரைபடத்தில் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை விரலால் கோடு போட்டு, அதையே இயந்திரத்துக்கு ஏற்றிக் கொடுத்தாள். ஆக, அம்மா இறங்கி வந்த சாலை எங்கள் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது. வாரத்துக்கு நான்கு நாள், பத்து பத்து கிலோமீட்டராக ஏறினேன். 31ஆம் கிலோமீட்டரில் ஒரு சுவர் இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் சாலை சட்டென்று 18 விழுக்காடு காட்டும், இயந்திரம் கல்லாகப் பூட்டிக்கொள்ளும், நான் நின்றுவிடுவேன். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட அதை உட்கார்ந்தபடி தாண்டவில்லை. இரவில் கனவிலும் அந்தச் சுவர் வரும். "டீச்சர் வூட்ல எண்ணெய் இல்லாத செக்கு ஓடுது" என்று லயத்தில் பேசிக்கொண்டது காதில் விழத்தான் செய்தது.

சென்ற வருட இறுதி விடுமுறையில் மறுபடியும் தாப்பா. காலை ஏழரைக்குப் புறப்பட்டேன். டுரியான் தோப்புகள் முடிந்ததும் காடு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே ஆற்றின் சத்தம். மூங்கில் குடிசைகள், பூர்வகுடியினர் சாலையோரம் தொங்கவிட்டிருக்கும் பெத்தாய்க் கொத்துகள், போத்தலில் காட்டுத் தேன். காரில் போகும்போது பார்க்காத பெரணிகளையும் பாசியையும் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் இலை இலையாகப் பார்க்கலாம். லாத்தா இஸ்கண்டாரில் நிற்கவே இல்லை. வீட்டுக்காரர் ஒலிப்பானை இரண்டு தடவை அடித்தார்.

31ஆம் கிலோமீட்டர் நெருங்க நெருங்க எனக்கு வயிறு கலங்கியது. கியரைக் குறைத்தேன், கைப்பிடியை இறுக்கினேன். சுவரைக் காணோம்! சாதுவான ஒரு வளைவு, பெத்தாய் விற்கும் ஓர் அம்மா, ஒரு குழந்தை. மகளின் கோடு சாலையை விட்டுக் கொஞ்சம் மலைப்பக்கம் விலகியிருக்கிறது, வரைபடம் மலையின் உயரத்தைச் சாலையின் உயரமாக எடுத்துக்கொண்டது. இல்லாத மலையை ஆறு மாதம் ஏறியிருக்கிறேன். நீங்கள் செய்வதானால், அந்தச் சாலையில் உண்மையிலேயே சைக்கிளில் போனவர் காற்றழுத்த மானியுள்ள கருவியில் பதிந்ததை வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இயந்திரம் சொல்லித்தராததும் உண்டு. மெதுவாக ஏறும்போது சைக்கிள் இடம் வலமாக ஆடும். வீட்டில் அது பூட்டிக் கிடந்ததால் தெரியவில்லை. கோசும் தக்காளியும் ஏற்றிய லோரி பக்கத்தில் உரசிக்கொண்டு இறங்கும்போது நேர்கோட்டில் போவது தனி வித்தை. இறக்கத்தில் பிரேக் பிடிப்பது அதைவிட வேறு வித்தை. அதை நான் பழகவே இல்லை, அதனால் திரும்பும்போது சைக்கிளை காரில்தான் ஏற்றினோம். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பகாங் எல்லைப் பலகையைத் தாண்டியபின் குளிர் வந்தது. பதினொன்றே முக்காலுக்கு ரிங்லெட். கடல்மட்டத்துக்குச் சுமார் 1,100 மீட்டர் மேலே. சாலையோரக் கடை வாசலில் என் மாமா, அம்மாவின் தம்பி, கம்பளித் தொப்பியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. கொழுந்து எடுத்தவர், பிறகு தொழிற்சாலையில் இருந்தவர். இப்போது மேலே கொழுந்து எடுப்பவர்களில் பல பேர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

"என்னா பாப்பா, வூட்டுக்குள்ளயே மலைய வாங்கி வெச்சிருக்கியாமே. எவ்ளோ ஆச்சி?"

சொன்னேன். அவர் வெகுநேரம் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா கல்யாணமாயி இதே ரோட்டுலதான் எறங்கிப் போச்சி. லோரியில, சாமான் மேல உக்காந்துகிட்டு. அந்தா, அந்த வளைவு மறையிற வரைக்கும் கைய ஆட்டிச்சி."

நான் திரும்பிப் பார்த்தேன். நான் சற்றுமுன் ஏறிவந்த வளைவு. இரத்தம் பார்க்கும் ஊசியைப் பையிலிருந்து எடுத்து விரலில் குத்தினேன். 5.9. மாத்திரை இன்னும் நிற்கவில்லை, ஆனால் மருத்துவர் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

மாமா பக்கத்தில் வைத்திருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினார்.

"குடி. சீனி போடல," என்றார்.